தேசம்மா வூட்டுத் தேயில

தேசம்மா வாய்க்கு பயவேற்காட்டுல பயப்படாதவங்க கெடையாது. கோட்டை மேல ஒலாந்தாக்காரன், அதான் டச்சுக்காரன், கொடி பறந்துகினு இருந்த காலம் அது. ஏரிக்கரையில கூடைய எறக்கி மீன் விக்க உக்காந்தான்னா, பேரம் பேச வர்றவன் கொஞ்சம் ரோசன பண்ணிட்டுத்தான் கிட்ட வருவான். செவுளப் புடிச்சுப் பாத்து மொகம் சுளிச்சா, "ஏன்யா, மீனப் பாக்க வந்தியா பொண்ணு பாக்க வந்தியா"ன்னு கேட்டுடுவா. அப்பேர்ப்பட்டவளுக்கு ஒரு தடவ ஒரு மரப்பொட்டி முன்னாடி வாயும் இல்லாம மூக்கும் இல்லாமப் போச்சு.

அவ புருசன் பொன்னுரங்கம் சலங்குத் தண்டல். கப்பலு கரைக்கு வராது, தூரத்துலயே நின்னுடும். அதுலேருந்து சரக்க எறக்கி, அலையில தூக்கிப் போட்டு ஆட்டுற முகத்துவாரத்த தாண்டிக் கொண்டாந்து சேக்குற படகுதான் சலங்கு. அதுல இருக்குற ஆளுங்களுக்குத் தலைவன் தண்டல். பேருதான் பெருசு. சரக்கு நனஞ்சா, ஒடஞ்சா, கொறஞ்சா, கோட்டைக் கொடிமரத்துல கட்டி முதுகுல சாட்டையடி அவனுக்குத்தான். போன வருசம் ஒரு துணிமூட்ட நனஞ்சுதுன்னு கட்டி அடிச்சானுங்க. அதுலேருந்து அவனுக்கு எடது கை தோளுக்கு மேல ஏறாது. மூச்சு இழுத்தா நெஞ்சுல ஒரு சத்தம் வரும். இன்னொரு வாட்டி கட்டினானுங்கன்னா இந்த ஆளு அவுந்து வரமாட்டான்னு தேசம்மாவுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். ரெண்டு பேரும் அதப் பத்திப் பேசிக்கினது இல்ல.

ஐப்பசி மழ ஆரம்பிச்ச நேரம். ஒரு சாயங்காலம் அவன் ஒரு பொட்டியத் தோள்ல வெச்சுகினு வூட்டுக்கு வந்தான்.

"இன்னாய்யா இது?"

"துரைசானியம்மா பொட்டி. கடலுக்கு அந்தாண்ட பட்டாவியிலேருந்து அவங்க அத்தை அனுப்புன சீனாத் தேயில. முகத்துவாரத்துல சலங்கு சாஞ்சதுல பலக வுட்டுப் போச்சு."

"அத்த ஏன் இங்க தூக்கியாந்த?"

"ஒடஞ்ச பொட்டியக் கொண்டுபோய் நீட்டச் சொல்றியா? பொட்டி இன்னும் கப்பல்லயே கீது, கடல் சரியில்ல, ஞாயித்துக்கெழமைக்குள்ள எறக்கிடுறேன்னு சொல்லிட்டேன். ஆசாரிய வெச்சு ஒட்டிட்டுக் குடுத்துடலாம்."

அந்த ஞாயித்துக்கெழமதான் கோட்டைத் துரை பொண்டாட்டி, துரைசானி எலிசபெத்து வூட்டுல விருந்து. இந்தத் தேயிலைக்காகவே விருந்துன்னு கோட்டைக்கு மீன் குடுக்கப் போகும்போதே தேசம்மா கேள்விப்பட்டிருந்தா.

ஒரு பக்கத்துப் பலக வாயப் பொளந்து நின்னுச்சு. உள்ள ஈயத் தகடு அடிச்சிருந்தான். அதுவும் கிழிஞ்சிருந்துச்சு. தண்ணி படல, அந்த மட்டும் தப்பிச்சுது. வூடு முழுக்க ஒழுகுது, பரண் மட்டுந்தான் காஞ்ச எடம். பொட்டிய அங்க ஏத்துனாங்க. மழைக்கு அள்ளியாந்த கருவாடும் அங்கதான் கெடந்துச்சு. வாளை, காரப்பொடி, நெத்திலி எல்லாம். மழைக்காலத்துல எந்த வூட்டுப் பரண்ல கருவாடு இல்ல? அதுல யோசிக்க ஒண்ணும் இருக்குறதா அவ நெனைக்கல.

மழயால ரெண்டு மூணு நாள் கழிச்சுத்தான் பெரியசாமி ஆசாரி வந்தான். அவன் வூட்டுல மீனே ஏறாது. பொட்டிக்குள்ள குனிஞ்சு பாத்தவன் தலைய வெடுக்குன்னு வெளிய எடுத்தான்.

"உங்க ஊருதான் நாறும். இப்ப பொட்டிக்குள்ளயும் நாறுதேம்மா."

"இன்னா நாறுது?"

"கருவாடு. வேற இன்னா நாறும் உன் வூட்டுல?"

பலகையத் தட்டி ஒட்டிட்டு, பொன்னேரி கோயில்ல வேல கீதுன்னு போயிட்டான். தேசம்மா மூடியத் தெறந்து மூஞ்ச உள்ள வுட்டா. மோந்தா, மறுபடி மோந்தா. காஞ்ச இல வாசன, கொஞ்சம் பொக வாசன. கருவாடு? கருவாட்டுலயே பொறந்து கருவாட்டுலயே வளந்தவளுக்கு அது எங்கேருந்து தெரியும்? அவ மூச்சே அதுதான். ஆசாரி சொன்னது நெசமா, இல்ல மீன்காரி வூட்டுக்கு வந்தோமேன்னு அவனா நாத்தத்தக் கூட்டிக்கினானா?

"காச்சிக் குடிச்சுப் பாத்தா தெரிஞ்சுடும்யா"ன்னா.

"யாருக்குத் தெரியும்?"

"நாலு பேரக் கூப்புடுவோம். நாலு நாக்குல ஒண்ணு சொல்லாதா?"

கொழம்புச் சட்டியில போட்டா ஒண்ணும் தெரியாதுன்னு புதுச் சட்டி வாங்கியாந்தா. கப்பல்ல வெந்நி கொதிக்க வெச்சு எலயப் போட்டு மூடி வெக்குறத பொன்னுரங்கம் பாத்திருக்கான், அப்படியே பண்ணா. ஒரு சட்டியில வெறும் எல. ஒண்ணுல இஞ்சி தட்டிப் போட்டா. ஒண்ணுல நாரத்தங்கா தோலு. ஒண்ணுல மரக்காயர் கடையில கெஞ்சி வாங்குன ஏலக்கா. கடைசிச் சட்டியில தாழம்பூ மடல ஒடச்சுப் போட்டா. கல்யாணச் சேலை வெக்குற பொட்டியில தாழம்பூ வெச்சா எந்த நாத்தமும் ஓடிடும், அது ஊருல எல்லாப் பொம்பளைக்கும் தெரிஞ்ச சங்கதி. துணிக்கு ஆவுறது எலைக்கு ஆவாதா?

பக்கத்து வூட்டு முனியம்மாவும் அவ மருமவ ருக்குவும் வந்தாங்க. ருக்குவுக்கு மசக்கை. சோறு கொதிக்குற ஆவி பட்டாலே ஓடுவா. அவ மூக்க நம்பித்தான் தேசம்மா கூப்ட்டதே. விசயத்த மட்டும் சொல்லல. "கப்பக்காரன் குடுத்தான், எப்படி கீதுன்னு சொல்லுங்க"ன்னு கொட்டாங்குச்சியில ஊத்திக் குடுத்தா.

முனியம்மா இஞ்சிச் சட்டியக் குடிச்சுட்டு, "சளிக்கு ஆவும். குடிக்குறதுக்கு ஆவாது"ன்னா. நாரத்தைய வாயில வெச்சதும் வெளிய போய்த் துப்பிட்டு வந்தா. "அடிப்பாவி, மரம் ஊறுன தண்ணிய ஒலாந்தாக்காரன் கப்பல் ஏத்திக் கொண்டாரானா? இதுக்கா இவ்ளோ ஆர்ப்பாட்டம்?"

"ஏலக்கா போட்டது?"

"ஏலக்கா வாசன நல்லா கீது. அந்தத் தண்ணிய எடுத்துட்டு வெறும் ஏலக்காயக் குடு."

"வேற எதுனா வாசன அடிக்குதா?"

"இன்னா வாசன அடிக்கணும்?"

பொன்னுரங்கம் ஒவ்வொண்ணா வாங்கிக் குடிச்சான். எல்லாத்துக்கும் "நல்லாத்தான் கீது"ன்னான். பயந்தவன் நாக்குக்கு எல்லாம் ஒண்ணுதான்.

ருக்கு வெறும் எல போட்ட சட்டிய ஒரு வாய் குடிச்சா. கண்ண மூடுனா. இன்னொரு வாய் குடிச்சா.

"எக்கா, இது நல்லா கீதுக்கா. இன்னும் கொஞ்சம் ஊத்து."

தேசம்மா ஊத்தல. "ஏண்டி, இன்னாடி புடிச்சிருக்குது அதுல?"

"தெரியலக்கா. வாய்க்கு எதமா கீது."

முனியம்மா சிரிச்சா. "இவளுக்கு இந்த மாசம் பூரா கருவாடு ஒண்ணுதான் உள்ள எறங்குது. உன் எலத்தண்ணியும் எறங்குதே, அதிசயம்டி!"

தேசம்மா தாழம்பூ சட்டிய எடுத்து ருக்கு கையில குடுத்தா. மூக்குக் கிட்ட கொண்டுபோனவ அப்படியே திருப்பிக் குடுத்துட்டா. "இது வேணாங்கா. கல்யாண வூட்டு நாத்தம்."

அது போதும். ருக்குவுக்குப் புடிக்கலன்னா கருவாட்ட பூ அமுக்கிடுச்சுன்னு அர்த்தம். வேற எந்த அளவுகோலும் அவகிட்ட இல்ல. அன்னிக்கே தாழம்பொதருக்குள்ள போயி, கையெல்லாம் முள்ளு கிழிக்க மடலு பறிச்சாந்தா. ஒரு அடுக்கு எல, ஒரு அடுக்கு மடலுன்னு பொட்டியில வெச்சு மூடுனா. மறுநாள் மடல உருவிட்டு திரும்பக் காச்சினா, குடிச்சா, புதுசா மடலு மாத்துனா, திரும்பக் காச்சினா. ஒவ்வொரு வாட்டியும் ஒரு கைப்பிடி எல.

மனசு அடங்கல. கருவாடு தின்னாத ஒரு மூக்கு வேணும். ஆசாரி ஊர்ல இல்ல. கப்பல் சரக்கு வெக்குற கிட்டங்கிக்குக் கணக்குப்பிள்ளை தருமலிங்கம் சைவம். தலைக்குச் சீயக்கா தேச்சு முழுகிட்டு, வெளுத்த சேலை கட்டிகினு, ஒரு பிடி தேயிலைய வாழெலையில மடிச்சுகினு போனா. கிட்டங்கி வாசல்ல எலையப் பிரிச்சுத் தரையில வெச்சுட்டு எட்டிப் போய் நின்னா.

"சாமி, கப்பக்காரன் குடுத்தது. இதுல மீன் வாசன கீதான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க சாமி."

தருமலிங்கம் மேல்துண்ட மூக்குல வெச்சுகினார். "நீ அங்க நிக்கும்போது எனக்கு எல வாசன எங்கம்மா தெரியும்?"

அவ இன்னும் பின்னாடி போனா.

"காத்து உன் பக்கத்துலேருந்துதான் வருது."

சுத்திகினு அந்தப் பக்கம் போனா. "இப்ப சாமி?"

"இப்ப ஊரு பக்கத்துலேருந்து வருது." அவரு வெறுப்பாச் சொல்லல. நெசமாவே குனிஞ்சு பாத்தாரு, பாவம். "மீன் நாத்தம் அடிக்குது. எலையா, நீயா, ஏரியான்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல. எடுத்துகினு போம்மா."

வேற யாராச்சும்னா தேசம்மா நல்லா நாலு வார்த்த குடுத்திருப்பா. அன்னிக்கு எலைய மடிச்சுகினு வந்துட்டா.

ஞாயித்துக்கெழம பொன்னுரங்கம் பொட்டியக் கோட்டைக்குள்ள தூக்கிட்டுப் போனான். இவ மீன் குடுக்குற சாக்குல பின்னாடியே போயி அடுப்படி வாசல்ல நின்னா. அங்கேருந்து பாத்தா விருந்துக் கூடம் தெரியும். எலிசபெத்து இங்கயே பொறந்து வளந்தவ, நம்மள மாதிரியே தமிழ் பேசுவா. அவளே பொட்டியத் தெறந்து, அவளே எல எடுத்துப் போட்டா. வந்தவங்களுக்கு ஊத்திட்டுத் தன் கிண்ணத்தத் தூக்குனா.

துரைசானி மொகம் மலந்துச்சு. ஒரு வாய் குடிச்சுட்டு இன்னொரு வாய் குடிச்சா. விருந்துக்கு வந்தவங்களும் தலைய ஆட்டி ஆட்டிக் குடிச்சாங்க. தேசம்மா மீன் கூடையக் கீழ எறக்கி வெச்சா. அப்பாடா.

அப்பறம் துரைசானி கிண்ணத்த மறுபடி மூக்குகிட்ட கொண்டுபோனா.

"தாழம்பூ"ன்னா. "என் துணிப்பொட்டி வாசனையாச்சே இது. சீனாக்காரனுக்குத் தாழம்பூ ஏது?"

எழுந்து வந்து பொட்டியப் பாத்தா. ரொம்பித் தளும்ப வேண்டிய பொட்டி ஒரு சாண் எறங்கியிருந்துச்சு. பொன்னுரங்கத்தக் கூப்ட்டா. அவன் தலையக் குனிஞ்சு நின்னான். மூச்சுல அந்தச் சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்டுச்சு.

தேசம்மா பாத்தா. கருவாட்டுக்காகப் பூ வெச்சோம்னு சொன்னா, பொட்டி ஒடஞ்சதும் சொல்லணும், பரண்ல வெச்சதும் சொல்லணும். சொல்லலன்னா திருட்டு. எந்தப் பக்கம் போனாலும் கொடிமரத்துலதான் போய் முட்டுது. ஆனா அவளால வாய மூடிகினு நிக்க முடியாது. பொறவியிலேருந்தே முடியாது.

ஓடிப்போயி முன்னால நின்னா. "அம்மா, நாந்தாம்மா எடுத்தேன். வூட்டுல ஆசப்பட்டுக் காச்சிக் குடிச்சேன். பூவும் நாந்தான் வெச்சேன். அந்த ஆளுக்கு ஒண்ணும் தெரியாதும்மா."

எலிசபெத்துக்குக் கோவம் வரல. "கேட்டிருந்தா குடுத்திருப்பேனே தேசம்மா"ன்னா. அத்தோட முடிஞ்சிருக்கும். பக்கத்துல உக்காந்திருந்த துரை தமிழ்ல நிறுத்தி நிறுத்திக் கேட்டான்:

"காலைல வரைக்கும் கப்பல்ல இருந்த பொட்டி, உன் வூட்டுக்கு எப்ப வந்துச்சு?"

பொட்டி கப்பல்லயே கீதுன்னு பொன்னுரங்கம் சொன்ன பொய்யி அங்க ஒடஞ்சுது.

பொம்பளையக் கொடிமரத்துல கட்ட மாட்டாங்களாம். தண்டல்தான் பொறுப்பாம். தேசம்மா துரை கால்ல வுழுந்தா. துரைசானியும் புருசன்கிட்ட எதோ அவங்க பாசையில சொல்லிப் பாத்தா. அவன் கிண்ணத்தக் கீழ வெக்காமலே பதில் சொன்னான். தேசம்மாவ வெளிய கொண்டாந்து வுட்டுக் கதவ மூடிட்டானுங்க. கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு அவளுக்குத் தெரிஞ்ச வசவெல்லாம் வஞ்சா. ஒரு சாட்டைச் சத்தத்துக்கும் இன்னொரு சத்தத்துக்கும் நடுவுல வஞ்சா. கடைசியில உள்ள சத்தம் நின்னப்பதான் இவளும் நிறுத்துனா.

சலங்கு ஆளுங்க அவன ஒரு பாயில போட்டுத் தூக்கியாந்தாங்க. உசுரு இருந்துச்சு. குப்புறப் படுக்க வெச்சு மஞ்சளும் எண்ணெயும் போட்டா. பேச்சு வரல அவனுக்கு. தண்ணி குடுத்தா வாயோரம் வழிஞ்சுது. வலைக்கோ சலங்குக்கோ இனிமே போகமாட்டான்னு பாத்தவுடனே தெரிஞ்சுது. அதனால மறுநாளே அவ கூடையத் தூக்கிகினு கரையில போய் உக்காந்தா.

கோட்டைச் சமையக்காரன் சாலமன் வந்தான். கொஞ்ச நேரம் மீனப் பாக்குற மாதிரி நின்னான்.

"அண்ணன் எப்படி கீறாரு?"

"படுத்துகினு கீறாரு."

"தேசம்மா, துரைசானி உங்கிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னாங்க." அவன் அவ மொகத்தப் பாக்கல. "அந்தத் தேயில வந்தவங்களுக்கு ரொம்பப் புடிச்சிடுச்சாம். அடுத்த பொட்டி வந்தா நீயே கோட்டைக்கு வந்து பூ வெச்சுத் தரணுமாம். எத்தன மடலு, எவ்ளோ நேரம் வெக்கணும்னு அவங்களுக்குத் தெரியலயாம்."

தேசம்மா கத்தி எடுத்து மீன் செதில சீவுனா. பக்கத்துல கூடை வெச்சிருந்த பொம்பளைங்க எல்லாம் அவ வாயையே பாத்துகினு இருந்தாங்க, இன்னிக்கு இவன் தீந்தான்னு.

"எப்ப வரணும்?"னு கேட்டா அவ.