கல்லில் அவன் அருகே நிற்பவள்

அவள் அவனுக்குத் தங்கையா, மனைவியா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

என் கணவர் வேலை செய்யும் பம்பு கம்பெனி அவரை ஆறு மாதப் பயிற்சிக்கு ஜெர்மனிக்கு அனுப்பியது. மதுக்கரை சாலையை ஒட்டிய அடுக்ககத்தில் நானும் மூன்று வயது மகளும் இருக்கிறோம். போன புதிதில், ஒரு சனிக்கிழமை, அவர் பக்கத்துச் சிற்றூர் தேவாலயத்தில் ஒரு கல்லறைக் கல்லைப் படமெடுத்து அனுப்பினார். "நீ வரலாறு படிச்சவளாச்சே, பாரு அம்மணி" என்றார்.

கல்லில் இரும்புச் சட்டை போட்ட ஒருவன், அருகில் முக்காடிட்ட ஒரு பெண். இருவர் காலடியிலும் ஒரே மாதிரிக் கேடயம், அதில் ஒரு மீன். அது அவர்கள் குடும்பத்தின் அடையாளமாம். அங்கே கிடைத்த துண்டறிக்கையையும் அனுப்பியிருந்தார். செல்பேசியில் மொழிபெயர்த்துப் படித்தேன்.

இடைக்காலத்துச் சின்னப் பிரபு அவன். ஒரு கிராமம், ஒரு மாவு ஆலை, மேட்டின்மேல் ஒரு கல்வீடு. பெரிய பிரபு அழைத்தால் இரண்டு குதிரைகளோடு போய் நிற்க வேண்டும். எந்தப் போரிலும் பெயர் வாங்கவில்லை. மற்றவர்கள் நிலம் விற்றபோது சாட்சியாக நின்றிருக்கிறான். வயதான பிறகு தன் காட்டில் ஒரு துண்டை மடத்துக்கு எழுதிவைத்தான். அவ்வளவுதான். அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

மகள் பள்ளிக்குப் போகும் காலை நேரங்களில் வீடு மிகவும் அமைதியாகிவிடும். அந்த அமைதிக்குப் பயந்தே அவன் கதையைச் சிறுவர்களுக்காக எழுதத் தொடங்கினேன். ஒரு சிறிய பதிப்பகம் ஏற்றுக்கொண்டது. பெண்ணைத் தங்கை என்று எழுதினேன். எங்கள் சாதியில் குலத்தைக் கூட்டம் என்போம்; ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவர்கள், முன்பின் பார்த்திராவிட்டாலும், அண்ணன் தங்கைதான், மணம் செய்யமாட்டார்கள். ஒரே மீன் என்றால் ஒரே கூட்டம். எதற்கும் சோமனூரில் இருக்கும் மாமியாரைக் கேட்டேன்.

"ரெண்டு பேருக்கும் ஒரே மீனா கண்ணு?"

"ஆமாங்கத்தை."

"அப்பறம் என்ன ரோசனை? கூடப் பொறந்தவதான். ஒரே கூட்டத்துல எவனாச்சும் கட்டுவானா? அதையுடு, எம்பையன் அங்க நேரத்துக்குச் சோறு திங்கறானா, இல்ல கல்லைப் படம் புடிச்சுட்டே திரியறானா?"

தங்கை வீட்டைப் பார்த்துக்கொள்ள, அவன் கடைசிவரை மணம் செய்யாமலே இருந்தான் என்று ஓர் அத்தியாயமே எழுதிவிட்டேன். தனியாக இருப்பவனைப் பற்றி எழுதுவது எனக்குச் சுலபமாக வந்தது.

போன மாதம் அச்சுப்படி வந்தது. 'தங்கை என்பதற்கு என்ன ஆதாரம்?' என்று ஓரத்தில் பென்சிலால் கேட்டிருந்தார் பதிப்பாசிரியர். தொலைபேசியில் பேசினேன்.

"அங்க ஒரே அடையாளம் இருந்தாலும் தூரத்துக் கிளைக்குள்ள கல்யாணம் நடக்கும்மா. இப்படிப் பக்கத்துல நின்னா பெரும்பாலும் மனைவிதான். ஆனா நானும் அடிச்சுச் சொல்லமாட்டேன்."

மனைவி என்றால், அவளைக் கணவன் பக்கத்திலிருந்து நான்தான் அப்புறப்படுத்தியிருக்கிறேன். தேவாலயத்துக்கு இரண்டு மின்னஞ்சல் அனுப்பினேன், பதில் இல்லை. அந்தக் குடும்பத்தைப் பற்றிய பழைய புத்தகம் தேவாலயத்தின் பக்கத்து அறையில் இருக்கிறது, ஞாயிறு வழிபாடு முடிந்ததும் மட்டும் திறப்பார்கள் என்று அங்கிருந்த காவலாளி சொன்னதாக என் கணவருக்கு நினைவு.

ஞாயிறுதான் சிக்கல். வார நாட்களில் அவர் அழைப்பது ஐந்து நிமிடம், அதுவும் மகள் பள்ளியில் இருக்கும்போது. ஞாயிறு மதியம் மட்டும் அவள் தட்டோடு திரை முன் உட்கார்ந்து, அப்பா பார்க்கப் பார்க்கச் சாப்பிடுவாள். தேவாலயம் இருக்கும் ஊருக்கு ஞாயிறன்று ஒரே பேருந்து. வழியில் சிக்னலும் கிடையாது. அவர் திரும்புவதற்குள் இவள் தூங்கிவிடுவாள். முன்பு ஒரு ஞாயிறு வேலை இருந்து அவர் அழைக்கவில்லை. அடுத்த வாரம் அழைத்தபோது இவள் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றுகொண்டாள், கடைசிவரை வெளியே வரவில்லை.

"நீ சொன்னாப் போயிட்டு வாரேன் அம்மணி" என்கிறார் அவர்.

"இருங்க, யோசிச்சுச் சொல்றனுங்க" என்று இரண்டு முறை சொல்லிவிட்டேன்.

அச்சுக்குப் போக இன்னும் ஒரு ஞாயிறுதான் இருக்கிறது. யாரென்று தெரியாது என்றே எழுதிவிடலாமா? கேட்டால் தெரியக்கூடியதைத் தெரியாது என்று எழுதுவது சரியா? மகளை ஒரு ஞாயிறு ஏமாற்றலாமா? குழந்தை வளர்த்தவர்கள் யாராவது, தயவுசெய்து, சனிக்கிழமைக்குள் எனக்கு எழுதுங்கள்.