நான் எழுத மறுத்த வரி

அந்த ஊர்க்காரர்களை அன்றும் எனக்குப் பிடிக்காது, இன்றும் பிடிக்காது. ஆனால் இந்த விஷயத்தில் வெட்கப்பட வேண்டியவன் நான்தான்.

இளம்பிள்ளைப் பக்கத்து நெசவாளர்கள் நாங்கள். இரண்டு மணி நேர பஸ் தூரத்தில் இருந்த இன்னொரு நெசவு ஊரில் பெண் கொடுத்துப் பெண் எடுப்போம். ஒரு ஊர்க்கூட்டம் தீர்ப்புச் சொன்ன ஆள் மற்ற ஊருக்கு ஓடிவந்தால் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது வழக்கம். எப்போது அனுப்ப மறுக்கலாம் என்பதில்தான் ஓயாத சண்டை. அதை எழுதி முடிக்க, ஐம்பதுகளின் கடைசியில், செவ்வாய்ப்பேட்டையில் ஒரு நூல்கடை மாடியில் இரண்டு ஊரும் கூடினோம். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னை அழைத்துப் போனார்கள். கையோடு வாயையும் கொண்டுபோனேன்.

நோயாளி, இழவு வீட்டுக்காரர், தறியில் பாவு, அதாவது நெய்வதற்கான நீள இழைகளை, ஏற்றியவர் ஆகிய மூவரையும் உடனே அனுப்ப வேண்டியதில்லை என்று முடிவானது. பாதி நெய்த பாவை விட்டுவிட்டு எழுந்து போகச் சொல்ல எந்த நெசவாளிக்கும் மனம் வராது. பிறகு அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் நான்காவதைச் சொன்னார்.

"போனா அடிப்பாங்கன்னு பயந்து வந்தவங்களையும் அனுப்ப வேண்டாமுங்க."

முந்தின வருஷம் எங்கள் கூட்டத்துக்குக் கட்டுப்படாமல் ஓடிய ஒருவன் இதே பல்லவியைப் பாடித்தான் அவர்கள் ஊரில் ஒளிந்திருந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஓடியார ஒவ்வொருத்தனும் அதையேதானுங்க சொல்லுவான். நான் எழுத மாட்டேன்" என்று பேனாவை மூடினேன். எங்கள் ஆட்கள் சிரித்தார்கள்.

அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "சரி, உடுங்க" என்றார். மூன்றோடு முடித்தோம்.

அடுத்த ஆடியில், அந்த ஊரில் வாழ்க்கைப்பட்ட என் தங்கை தோள் வீங்கி வந்து நின்றாள். புருஷன் விறகுக்கட்டையால் அடித்திருந்தான். புருஷனோடுதான் வாழ வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லியாயிற்று, பெண்ணைத் திருப்பி அனுப்புங்கள் என்று அவர்கள் கூட்டத்திலிருந்து பின்னாலேயே கடிதம் வந்தது. எங்கள் ஊர்ப் பெரியதனக்காரர் அந்த ஒப்பந்தத் தாளை என்னிடமே நீட்டினார்.

"படிங்க சாமி. இது எதுல சேருது?"

எதிலும் சேரவில்லை.

அன்றே எங்கள் வீட்டுத் தறியில் அவள் பேரில் ஒரு பாவு ஏற்றினேன். அது தீருமுன் அடுத்த பாவின் இழைகளை அதன் முனையோடு பிணைத்தோம். அப்படியே பிணைத்துக்கொண்டு போனதால் தறி காலியாகவே இல்லை. அந்த ஊர் ஆள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து எட்டிப் பார்ப்பான். தறியில் அவள் இல்லையென்றால் காரணம் செல்லாது. அதனால் கல்யாணம், திருவிழா என்று எதற்கும் அவள் வாசல் தாண்டவில்லை. ஒன்பது வருஷம்.

அவள் புருஷன், அந்தப் பாவி, செத்த சேதி வந்தபோது உள்ளே போய், "இனி எந்திரிச்சுக்கலாம் சாமி" என்றேன்.

செவ்வாய்ப்பேட்டையில் நான் பேசியது அவள் புகுந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும் என்பது எனக்குத்தான் தெரியாது.

"அன்னிக்கு அந்த வரிய எழுதியிருந்தீங்கன்னா, ஒம்பது வருசம் முன்னாலயே எந்திரிச்சிருப்பேனுங்கண்ணா" என்றாள்.