மூங்கில் உச்சியில் ஒரு கேமரா

வைஃபை கேமராவைப் பொருத்துவது அரைமணி நேர வேலை. அது திடீரென்று 'ஆஃப்லைன்' என்று காட்டினால் ஏன் என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் பிழைப்பு. எனக்குச் சொந்த ஊர் கீழ்வேளூர் பக்கம், கடை தஞ்சாவூரில். மடக்கு ஏணியை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு பத்து வருஷமாக டெல்டா முழுக்கச் சுற்றுகிறேன். போன் திரையில் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருப்பதை வெறித்துப் பார்த்து வயிறெரிந்தவரா நீங்கள்? வாங்க, நீங்களும் நம்ம கட்சிதான். இந்த மாசி மாதம் மட்டும் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். எனக்கு வாயும் கொஞ்சம் அதிகம், கோபமும் கொஞ்சம் அதிகம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாசலில் பாஸ், களத்தில் ஃபெயில்

பூதலூர் பக்கத்தில் ஒரு கிராமம். மலர்க்கொடி அக்கா ஒன்பது மா நிலத்தை, அதாவது மூன்று ஏக்கரை, குத்தகைக்கு எடுத்துச் சம்பா போட்டவர். அறுத்த நெல்லை அரசு கொள்முதல் நிலையத்துக் களத்தில் குவித்துவிட்டு முறைக்காகக் காத்திருந்தார். ஊருக்கே ஒரே சமயத்தில் அறுவடை என்றால் வரிசை நீளத்தானே செய்யும். அதுவரை நெல் வெட்டவெளியில் கிடக்கும். மழை பிடித்தால் போச்சு, ஈரம் ஏறிய நெல்லை எடுக்க மாட்டார்கள். வழக்கமாகக் குவியலுக்குக் காவல் இருப்பது அவர் வீட்டுக்காரர். அவரோ வரப்பில் வழுக்கி விழுந்து, காலில் மாவுக்கட்டோடு படுக்கையில் இருந்தார். அவரையும் பார்க்க வேண்டும், மாட்டையும் பார்க்க வேண்டும், குவியலையும் பார்க்க வேண்டும். "எங்க வருஷம் பூரா அந்தக் குவியல்லதான் கிடக்கு பாப்பா" என்று சொல்லித்தான் கேமரா கேட்டார்.

வீட்டுக்கு எதிரே ரோட்டைத் தாண்டினால் களம். ரவுட்டரை ஜன்னலோரம் வைத்தேன். குவியலுக்குப் பக்கத்தில் நெஞ்சளவுக் கம்பு நட்டு, சோலாரில் ஓடும் கேமராவை அதில் கட்டிவிட்டு வந்தேன். மூன்றாம் நாளே 'ஆஃப்லைன்'. போய், கேமராவைக் கழற்றி வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து சோதித்தேன். படம் பளிச்சென்று வந்தது. "சரியாயிடுச்சுக்கா" என்று திரும்பக் களத்தில் கட்டிவிட்டு, அங்கே வருகிறதா என்று ஒரு நிமிஷம் நின்றுகூடப் பார்க்காமல் பெருமையாக வண்டியை எடுத்தேன். பாதி வழி வருவதற்குள் அக்காவின் போன், திரும்பவும் 'ஆஃப்லைன்' என்று. "போனை ஒரு தடவை அணைச்சுப் போடுங்க" என்றேன், டாக்டர் மாதிரி. அக்கா நிதானமாகச் சொன்னார்: "போனை அணைச்சுப் போட்டாச்சு, ரவுட்டரை அணைச்சுப் போட்டாச்சு. இனிமே அணைக்க எங்க வீட்ல அடுப்புதான் பாக்கி பாப்பா."

தொண்டையால் அளந்த வீடு

மறுநாள் திருவிடைமருதூர். முறுக்கு சுட்டு விற்கும் வீடு. தெருப்பக்கம் வியாபாரம், கொல்லைப்பக்கம் வரிசையாக எண்ணெய் அடுப்புகள். கல்லாவில் உட்கார்ந்தபடியே அடுப்பைப் பார்க்க வேண்டும் என்று உரிமையாளர் கோமதியம்மா கேமரா வாங்கியிருந்தார். சுவரோ இரண்டு முழம் தடிமன். ரவுட்டரைக் கூடத்தில் ஆறு இடம் மாற்றி வைத்துப் பார்த்தேன். கொல்லைக்கு ஒரு புள்ளி சிக்னல்கூடப் போகவில்லை.

நான் வியர்த்து வழிவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், "நான் கூடத்துல நின்னு கத்தினா கொல்லையில ஒருத்திக்கும் கேக்காதும்மா. இந்த நடைக்கதவுகிட்ட நின்னு கூப்பிட்டா கடைசி அடுப்பு வரைக்கும் கேக்கும். அதை இங்க வையேன்" என்றார். "குரல் வேற, சிக்னல் வேறங்க" என்றேன் இளக்காரமாக. வேறு வழி இல்லாமல்தான் அங்கே வைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், சிக்னல் முழுசாக ஏறி நின்றது! இத்தனை வருஷம் கூப்பிட்டுக் கூப்பிட்டே அந்த வீட்டில் எந்தச் சுவர் தடுக்கும், எந்த வாசல் விடும் என்று அளந்து வைத்திருக்கிறார். எப்படிம்மா இதையெல்லாம் கவனிச்சீங்க என்று கேட்டதற்குக் கிடைத்த பதில்: "கவனிக்கவாவது ஒண்ணாவது! தொண்டை வலிக்காம கூப்பிடணும்ல, அதுக்குத்தான்."

கொண்டல் அடித்தால் படுத்துக்கொள்ளும்

நம் தொழிலில் பெரிய அவமானம் எது தெரியுமா? நாம் போகும்போது மட்டும் கேமரா ஒழுங்காக வேலை செய்வதுதான். நாகப்பட்டினத்துக் கடற்கரையில் கலியமூர்த்தி அண்ணனின் வலைக்கொட்டகைக் கேமரா என்னை அப்படித்தான் மூன்று தடவை அலையவிட்டது. ஃபைபர் படகில் மீன்பிடிக்கப் போகிறவர் அவர். கொட்டகையில் வலையும் இன்ஜினும் கிடக்கும். நான்காவது தடவை நான் கடுப்போடு போய் நின்றபோது, "தங்கச்சி, கொண்டல் அடிச்சா இது படுத்துக்குது. கரைக்காத்து வந்தா எழுந்துக்குது" என்றார். கொண்டல் என்றால் கிழக்கே கடலிலிருந்து வரும் ஈரக்காற்று. "காத்துக்கும் வைஃபைக்கும் என்னண்ணே சம்பந்தம்?" என்று சிரித்தேன்.

அவர் கோபப்படவில்லை. இந்த மாதம் எந்தெந்த நாள் எந்நேரம் கொண்டல் அடித்தது என்று, வலையைப் பிரித்துக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல் சொல்லிக்கொண்டு போனார். நான் போன் ஆப்பில் கேமரா நின்றுபோன நேரங்களை ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தேன். ஒன்றுகூடப் பிசகவில்லை. கடலைப் பார்த்த பக்கம் ஒயர் இணைப்பைக் கழற்றினால், உள்ளே உப்புப் பூத்துப் பச்சையாகக் கிடந்தது. ஈரக்காற்று பட்டதும் உப்பு நனைந்து கேமரா நின்றுவிடும், காய்ந்ததும் வந்துவிடும். சுத்தம் பண்ணி, கிரீஸ் தடவி, இணைப்பைக் கொட்டகைக்குள் திருப்பிக் கட்டினேன். வாயைப் பிளந்தபடி நின்ற என்னைப் பார்த்து அண்ணன் சொன்னது: "கடலுக்குப் போறவன் காத்தைப் பார்க்காம வேற எதைப் பார்ப்பான் தங்கச்சி? உன் போனையா?"

நடுவில் வந்தது யார்?

திரும்பும் வழியெல்லாம் மண்டைக்குள் குடைந்தது. மலர்க்கொடி அக்கா வீட்டில் நான் பார்த்தது முழுக்க போனைத்தான். களத்தைப் பார்க்கவே இல்லை. மறுநாள் காலை நேரே பூதலூருக்கு விட்டேன். அங்கே ஆப்பைத் தொடவில்லை. "அக்கா, படம் நின்ன அன்னைக்குக் களத்துல என்ன மாறிச்சு?" என்று மட்டும் கேட்டேன். அவர் யோசிக்கக்கூட இல்லை. "மத்தியானம் நம்ம ஊரு முத்துவேலோட நெல்லு இறங்குச்சு, படம் விக்கி விக்கி வந்துச்சு. சாயங்காலம் தனத்தோட நெல்லு வந்துச்சு, சுத்தமா நின்னுபோச்சு."

ஓடிப்போய்ப் பார்த்தேன். வீட்டுக்கும் கேமராவுக்கும் நேர் நடுவே, ஆள் உயரத்துக்கு இரண்டு குவியல். இரும்புக் கதவு சிக்னலை மறைக்கும் என்று எனக்குத் தெரியும். மரம் மறைக்கும் என்றும் தெரியும். ஈரம் காயாத புது நெல் மறைக்கும் என்று எந்தக் கம்பெனிப் புத்தகத்திலும் எழுதவில்லையே! ஊருக்கே சோறு போடும் நெல் என் சிக்னலையும் தின்றுவிட்டது. நீள மூங்கில் ஒன்று வாங்கி நட்டு, கேமராவை உச்சியில் கட்டினேன். இந்தத் தடவை களத்தில் நின்றே சோதித்தேன். அக்கா தன் வாசலில் நின்று போனில் பேசினால், களத்தில் மூங்கில் உச்சியில் கேமராவின் ஸ்பீக்கரிலிருந்து குரல் வந்தது. நெல் மேய்ந்துகொண்டிருந்த ஆடு ஒன்று அவர் போட்ட அதட்டலில் துள்ளி ஓடியது. உயரத்திலிருந்து முழுக் களமும் தெரிந்ததால், "உங்க குவியல் மட்டும் தெரியுற மாதிரி திருப்பி வைக்கவாக்கா?" என்று கேட்டேன். அக்கா போனைக் கண்ணுக்கு அருகே பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வேணாம் பாப்பா, அப்படியே விடு. எல்லாரும் இருந்தாதான் படம் நல்லாருக்கு."

உச்சியிலிருந்து வந்த குரல்

நாலு நாள் கழித்து முத்துவேல் தனக்கும் ஒரு கேமரா வேண்டுமென்று கூப்பிட்டார். மத்தியானம் களத்தில் நின்று இடம் பார்த்துக்கொண்டிருந்தோம். சுட்டெரிக்கும் வெயில். காயட்டும் என்று எல்லாக் குவியலிலும் தார்ப்பாயை விலக்கிவிட்டுப் பாதிப்பேர் சாப்பிடப் போயிருந்தார்கள். அக்காவும் ஊரில் இல்லை. வீட்டுக்காரருக்கு மாவுக்கட்டுப் பிரிக்கத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தார். திடீரென்று தலைக்கு மேலிருந்து ஒரு குரல்: "முத்துவேலு! தஞ்சாவூர்ல கொட்டோ கொட்டுன்னு கொட்டுது. காத்து உங்க பக்கம்தான் அடிக்குது. தார்ப்பாயை இழு!"

முத்துவேல் அண்ணாந்து பார்த்துவிட்டு ஓடினார். நான் அக்காவின் குவியலை நோக்கி ஓடினேன். அடுத்த அதட்டல் எனக்கு. "கேமராப் பொண்ணே, அங்க எங்க ஓடுற? தனம் நெல்லு பள்ளத்துல கிடக்கு, அதைப் பிடி முதல்ல!" ஓடினேன். யார் தார்ப்பாய் கிழிந்திருக்கிறது, எந்த மூலைக்குக் கல் வைக்க வேண்டும், போன மழையில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடியது, எல்லாம் உச்சியிலிருந்து வந்துகொண்டே இருந்தது. சாப்பாட்டை விட்டு ஓடிவந்தவர்கள் சொன்னதைச் சொன்னபடி செய்தார்கள். கிழக்கே வானம் கறுத்து வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று ஒரு களத்தையே கட்டி மேய்த்தது அந்தக் குரல். கடைசியாகத்தான் அக்காவின் குவியலுக்கு வந்தோம். தார்ப்பாய் பாதி ஏறும்போதே மழை அறைந்தது. ஒரு பக்கம் நனைந்தே போனது.

சாயங்காலம் வந்து இறங்கிய அக்கா, நனைந்த நெல்லுக்குள் முழங்கை வரை கையை விட்டு, ஈரம் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. விடிந்ததும் தனமும் முத்துவேலும் ஆள் கூட்டி வந்து, நனைந்ததைத் தனியே பரப்பிக் கிளறிவிட ஆரம்பித்தார்கள். மூன்று நாள் காய்ந்த பிறகு அக்கா ஒரு நெல்லைப் பல்லில் கடித்துப் பார்த்து 'ம்' என்றார். அதற்கடுத்த நாள் கொள்முதல் முடிந்து மூட்டை ஏறியது. மூங்கிலை இறக்கப் போன அன்றைக்கு எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என்னக்கா நீங்க! உங்களுதைப் பார்க்கத்தானே கேமரா வச்சீங்க? அதை முதல்ல மூடச் சொல்லியிருக்கக் கூடாதா?" அக்கா சிரித்துக்கொண்டே கயிற்றை அவிழ்த்தார். "உச்சியில ஏத்தி வச்சது நீதானே பாப்பா? அங்கேயிருந்து பார்த்தா எது என்னுதுன்னா தெரியுது? எது பள்ளத்துல கிடக்குன்னுதான் தெரியுது."

கேமரா விற்பவள் நான்தான், ஆனால் பார்க்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் வாங்குகிற பக்கம்தான் இருக்கிறார்கள்.