டிஃபன் பையில் போன பென்டிரைவ்

செல்லபாய் அந்தப் பென்டிரைவைக் கைக்குட்டையில் சுற்றினாள். பிறகு ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வாயைக் கட்டினாள். கடைசியில் டிஃபன் பையில், தேங்காய்ச் சம்மந்தித் துவையல் வைத்திருந்த சின்னப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்தாள்.

"பத்திரமா இருக்குமில்லியா மக்ளே?"

"அது என்ன முட்டையாம்மா, உடையதுக்கு?" என்றாள் ரெனி. அவள் கண்ணாடி முன் நின்று துப்பட்டாவில் சேஃப்டி பின் குத்திக்கொண்டிருந்தாள். அன்று அவளுக்குக் கழக்கூட்டம் என்ற ஊரில் ஒரு ஐடி கம்பெனியில் நேர்முகத் தேர்வு.

சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு தமிழ்ப் பள்ளியில் மதியச் சோறு ஆக்குவது செல்லபாயின் வேலை. அவர்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் ரெனிதான். பட்டம் வாங்கி ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. வேலை தேடி அலுத்துப்போன நாட்களில் அவள் பைத்தான் என்ற கணினி மொழியில் ஒரு விளையாட்டு எழுதினாள். பச்சை ஏப்ரன் கட்டிய ஒரு பெண், கையில் அகப்பை. வரிசையாக வரும் தட்டுகளில் மணி அடிப்பதற்குள் சோறும் பயறும் விழ வேண்டும். ஒரு தட்டு காலியாகப் போனால் குழந்தை ஒன்று உதட்டைப் பிதுக்கும்.

செல்லபாய் அதைப் பார்த்ததும், "எட்டி, இது நான்லா!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். மறுநாள் பள்ளி முழுக்கச் சொல்லிவிட்டாள். கம்ப்யூட்டர் பாடம் எடுக்கும் அஞ்சு என்ற டீச்சர், குழந்தைகள் தினத்தன்று லேபில் போட்டுக் காட்டலாம், கொண்டு வாருங்கள் என்றாள்.

பைத்தான் இல்லாத கணினியிலும் விளையாட்டு ஓட வேண்டுமானால் நிரல், படங்கள், ஒலிகள், பைத்தான் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்ட வேண்டும். அதற்கென்று ஒரு கருவி இருக்கிறது. ரெனி முந்தின நாள் மாலை கட்டினாள். தன் விண்டோஸ் லேப்டாப்பில் திறந்து பார்த்தாள். ஓடியது. அதோடு விட்டுவிட்டாள்.

பதினொன்றரை மணிக்கு, கம்பெனியின் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது.

"மக்ளே, தொறக்க மாட்டேங்குது. பிள்ளைகள் எல்லாம் வந்து இருக்குதுக. டீச்சர்ட்ட குடுக்கேன்."

"ரெனி, மௌஸ ஞெக்கினா ஒண்ணும் நடக்கல்ல," என்றாள் அஞ்சு. "இதைத் தொறக்க புரோகிராம் இல்லன்னு காட்டுது."

அந்த நொடியே ரெனிக்குப் புரிந்துவிட்டது. பள்ளிக் கணினிகளில் இருப்பது விண்டோஸ் அல்ல, லினக்ஸ். விண்டோஸில் கட்டிய மூட்டை அங்கே அவிழாது. லினக்ஸுக்கு லினக்ஸிலேயே கட்ட வேண்டும். இது அவளுக்குத் தெரியாததல்ல. பத்தாம் வகுப்புவரை அவள் மௌஸ் பிடித்துப் பழகியதே லினக்ஸில்தான். எல்லாக் கணினியும் தன்னுடையதைப் போலத்தான் இருக்கும் என்று எப்போதிருந்து நினைக்கத் தொடங்கினாள்?

தப்பு என்னோடது டீச்சர் என்று சொல்லியிருக்கலாம். சுற்றிலும் தேய்த்த சட்டைகளோடு பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளிருந்து அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

"பென்டிரைவ்ல ஏதாவது ஆயிருக்கும் டீச்சர். அம்மா டிஃபன் பையில வச்சுல்லா கொண்டு வந்தாங்க..."

அந்தப் பக்கம் அம்மாவின் குரல் கேட்டது. "அய்யோ, சம்மந்தி வெள்ளம் எறங்கிட்டோ?" யாரோ ஒரு பிள்ளை சிரித்தது. ரெனி போனை அணைத்துவிட்டு உள்ளே போனாள்.

நேர்முகத் தேர்வில், நீங்கள் செய்த எதையாவது வேறு யாரும் பயன்படுத்துகிறார்களா என்று கேட்டார்கள். ஒரு பள்ளியில் பயன்படுத்துகிறார்கள், இன்றுதான் தொடங்கினார்கள் என்றாள்.

சாயங்காலம் செல்லபாய் டிஃபன் பையைச் சோப்புப் போட்டுத் துவைத்துக்கொண்டிருந்தாள். "கூட சோறாக்குத லீலாபாய் சொல்லுதா, என் கையில ராக்கெட்டக் குடுத்தாலும் கறியாக்கிடுவேனாம்," என்று அவளே சிரித்தாள். ரெனி சிரிக்கவில்லை.

மறுநாள் தன்னோடு கல்லூரியில் படித்த சஜினின் லினக்ஸ் லேப்டாப்பை இரவல் வாங்கினாள். கட்டி முடிக்க இருபது நிமிடம் ஆனது. முன்பே கேட்டிருந்தால் சஜின் மறுத்திருக்கவா போகிறான்?

அடுத்த வாரம் வேலைக்கான கடிதம் வந்தது. செல்லபாய் கண்ணை மூடி ஜெபித்தாள். "நான் கெடுத்தும் கர்த்தர் உனக்கு நல்லது தந்துட்டாரு மக்ளே."

ரெனி அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நீ ஒண்ணும் கெடுக்கல்லம்மா. பென்டிரைவுக்கு ஒண்ணுமே ஆகல்ல. நான் கட்டினதுதான் தப்பு." விண்டோஸ், லினக்ஸ் என்று விளக்கத் தொடங்கினாள். செல்லபாய், டாக்டர் சொல்வதைக் கேட்பவளைப் போலத் தலையாட்டிக் கேட்டாள்.

"செரி, செரி. அம்மைக்கு வெசனம் மாத்தணும்னு தப்ப உன் தலையில போட்டு இவ்வளவு பாடுபடாண்டாம்."

வேலையில் சேர்வதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை ரெனி புது மூட்டையோடு தானே பள்ளிக்குப் போனாள். தப்பு தன்னுடையது என்று அஞ்சு டீச்சரிடம் எல்லார் முன்னாலும் சொன்னாள். "அது சாரமில்ல, விடு, இப்ப ஓடுதில்லியா," என்று அஞ்சு திரையைப் பார்த்தபடியே சொன்னாள். யார் தப்பு என்று அங்கே யாருக்கும் கவலையில்லை. பிள்ளைகள் நாற்காலிகளில் ஏறி நின்று கத்தினார்கள். "ஆன்ட்டி, உங்களப் பாருங்க! பயறு போடுதீங்க!"

செல்லபாய் பச்சை ஏப்ரனோடு லேப் வாசலில் நின்றாள். ஒரு சிறுமி ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"நீ வெளையாடு பிள்ளே. நான் தொட்டா கேடாயிரும்," என்று சொல்லிக் கைகளை ஏப்ரனுக்குள் சுருட்டிக்கொண்டாள்.

ரெனி எழுந்து நின்று நாற்காலியை அம்மாவுக்காக நகர்த்தினாள். செல்லபாய் வாசல்படியைத் தாண்டவில்லை.