பலாக்கொப்போடு வந்த தேவாங்கு

தேவாங்கு ஒரு கையை நீட்டி அடுத்த கொப்பைப் பற்றுவதற்குள் நாம் ஒரு தரம் மூச்சை இழுத்து விட்டுவிடலாம். புதிய பிடி உறுதியென்று தெரியும்வரை பழையதை அது விடாது. பன்வில தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால், மாமா வெட்டிய பலாக்கொப்போடு தரைக்கு வந்த பிறகும் அது அப்படித்தான் நகர்ந்தது. சுற்றி நின்ற சனம் கூச்சலிட்டது. அதுவோ பகல் வெளிச்சத்துக்குக் கூசிய பெரிய கண்களோடு, இலைகளுக்கிடையில் மெல்ல மெல்ல மரத்தை நோக்கிப் போனது.

மாமா என் அம்மாவின் தம்பி. கோழி அறுப்பதைக்கூடப் பார்க்கமாட்டார். அவர் மனைவி, என் அத்தைக்கு முன்பு இரண்டு கரு கலைந்து, அந்த முறைதான் ஆறாம் மாதம்வரை நிலைத்திருந்தது.

"புள்ளத்தாச்சி கண்ணுல பட்டா ஆகாது. அடிச்சிப் போடு!" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள்.

மாமா திரும்பிப் பார்த்தார். அத்தை வாசலில் நின்றுகொண்டிருந்தார். கத்திப்பிடியால் ஒரே அடி. விலகக்கூட அதற்குத் தெரியவில்லை.

புரட்டிப் பார்த்தபோது, வயிற்று மயிரை இறுகப் பிடித்தபடி விரல் நீளத்தில் ஒரு குட்டி இருந்தது.

"அதுக்கும் புள்ள இருக்குங்க" என்றார் அத்தை. இறங்கி வந்து குட்டியைத் துவாயில் சுற்றி எடுத்துக்கொண்டார்.

யாரோ தகவல் சொல்ல, கண்டியிலிருந்து வனவிலங்கு அலுவலர் ஒருவர் வந்தார். தாய் எப்படிச் செத்தது என்று சிங்களத்தில் கேட்டார். மாமா வாயைத் திறந்தார். கொப்பு விழுந்ததில் அடிபட்டுவிட்டது என்று அத்தை முந்திக்கொண்டு சொன்னார். அலுவலர் குட்டியை வாங்கிக்கொண்டு, அதைக் காப்பாற்றியதற்காக மாமாவின் தோளைத் தட்டி நன்றி சொன்னார். கூட்டம் ஒவ்வொருவராகக் கலைந்தது. ஒருவரும் மற்றவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"அவ என்னய ஏசியிருந்தா தாங்கியிருப்பேங்க்கா" என்று மாமா பிறகு அம்மாவிடம் சொன்னார். குனிந்த தலையோடு வேலைக்குப் போய்க் குனிந்த தலையோடு திரும்பினார். இன்று அவருக்குத் தலை நரைத்துவிட்டது. தொலைக்காட்சியில் காட்டு விலங்குகளைக் காட்டினால் இப்போதும் எழுந்து வெளியே போய்விடுகிறார்.

அந்தப் பிரசவம் கண்டி ஆஸ்பத்திரியில் நடந்தது. பெண் குழந்தை. அம்மாவும் நானும் பார்க்கப் போனபோது, மாமா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கட்டிலுக்குச் சற்றுத் தள்ளி நின்றார். அத்தை குழந்தையை அவர் பக்கம் நீட்டினார்.

"இந்தக் கையாலயா?" என்றார் மாமா.

அத்தை நீட்டிய கையை மடக்கவில்லை.