ஜட்காவுக்குள் வந்த மசால்வடை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது இருக்கும். வேலூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாகச் சேர்ந்திருந்தேன். பள்ளிக்கூடத்தை ஒட்டியே எங்களுக்கு விடுதி. விடுதிச் சாப்பாட்டைக் குறை சொன்னால் பாவம், வயிற்றை நிறைத்தது. ஆனால் திங்கட்கிழமைக் குழம்புக்கும் வெள்ளிக்கிழமைக் குழம்புக்கும் யாராலும் வித்தியாசம் சொல்ல முடியாது.

என் அறைத்தோழி சித்தூர்ப் பக்கத்துப் பெண். கணக்கு டீச்சர். வேலூரில் எந்தத் தெருவில் எந்த நேரத்தில் என்ன வேகிறது என்பதை மூக்கை வைத்தே கண்டுபிடித்துவிடுவாள். சனிக்கிழமை மதியம் குடையை எடுத்துக்கொண்டு இருவரும் கிளம்பிவிடுவோம். கோட்டை அகழிப் பக்கம் ஒருத்தி தட்டிப் போடும் மசால்வடை, பஜாரில் மணலில் வறுத்துச் சூட்டோடு அள்ளித் தரும் வேர்க்கடலை, மசூதித் தெரு முனையில் கைமா வைத்த சமோசா, மண்டித் தெருவில் நன்னாரி சர்பத் என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தோம். ஏதோ புதிய தேசத்தைக் கண்டுபிடித்தவர்கள் மாதிரி அத்தனை பெருமை!

ஒரே ஒரு சங்கடம். அந்தக் காலத்தில் காபி கிளப்பிலோ சாப்பாட்டுக் கடையிலோ பெண்கள் நுழைந்து உட்கார மாட்டார்கள். வாசலில் நின்று வாங்கி, முந்தானையில் மறைத்துக்கொண்டு, அகழிக்கரைப் புங்கமர நிழலுக்கு ஓடிவந்துதான் தின்போம். பாதி வடை வழியிலேயே ஆறிவிடும்.

எங்கள் பள்ளியில் ஆம்பூரிலிருந்து வந்து தங்கிப் படிக்கும் ஒரு மாணவி இருந்தாள். ஒருநாள் அவள், “எங்க ஊர்ல ரயில் நின்னாலே பிரியாணி வாசனை பெட்டிக்குள்ள வந்துடும் டீச்சர்” என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். அன்று முழுக்க என் தோழிக்குக் கணக்கு ஓடவில்லை.

அடுத்த சனிக்கிழமை காலையிலேயே கிளம்பிவிட்டோம். வழியில் தின்பதற்கு ஒரு பொட்டலம் மசால்வடையும் கையில் இருந்தது. காட்பாடியில் ரயில் மாறி, ஆம்பூரில் இறங்கினோம். இறங்கியதும் முதலில் மூக்கில் ஏறியது பிரியாணி வாசனை இல்லை. தோல் பதனிடும் இடங்களிலிருந்து சுண்ணாம்பும் ஆவாரம்பட்டையும் பச்சைத் தோலும் கலந்து வந்த நெடி. நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். தோழி என் கையைப் பிடித்து இழுத்தாள். “பொத்தாதே! அதோ, அதுக்குப் பின்னாடி வருது பார்” என்றாள்.

வந்தது! நெய், புதினா, வெந்த ஆட்டிறைச்சி, விறகுப் புகை. அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டே நடந்தோம். கடைவீதியில் ஓட்டுக்கூரை போட்ட ஒரு கடைக்கு முன்னால் வந்து நின்றோம்.

உள்ளே பெஞ்சுகள் நிறைய ஆண்கள். பட்டைச் சாயம் ஏறிச் சிவந்த கைகளால் அள்ளி அள்ளிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் அத்தனை கைகளும் அப்படியே நின்றுவிட்டன. பெரிய பிரியாணி தேக்சாவுக்குப் பக்கத்தில் கரண்டியோடு நின்ற கடைக்காரருக்கு நாற்பது வயது இருக்கும். தலையில் வெள்ளைத் தொப்பி.

“இன்னா வேணும்மா? இலையில கட்டித் தரட்டுமா?” என்று கேட்டார்.

“வேலூர்லருந்து ரயில் ஏறி வந்திருக்கோம். உக்காந்து சாப்பிடணும் பாய்” என்றாள் தோழி. நான் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

அவர் முகத்தில் கோபம் இல்லை. சங்கடம்தான் இருந்தது. “ஆம்பளைங்க உக்கார்ற எடம்மா இது. பொம்பளைங்களுக்கு எடம் இல்ல. தப்பா நெனைச்சுக்காதீங்க. ஜாஸ்தியாவே வெச்சுக் கட்டித் தர்றேன்.”

கட்டிக்கொண்டு எங்கே போவது? ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து, ஊரே வேடிக்கை பார்க்க, ஆறின பிரியாணியைச் சாப்பிடுவதா? எனக்கு அழுகையே வந்துவிட்டது. திரும்பி நடக்க ஆரம்பித்தோம். அப்போது கடைக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு வாசலில் தொங்கிய சாக்குத்திரைக்குப் பின்னாலிருந்து வளையல் சத்தம் கேட்டது. யாரோ கதவில் தட்டிக் கூப்பிட்டார்கள்.

“ஏங்க, அவங்கள இப்டி அனுப்புங்க. ரயில் ஏறி வந்தவங்கள வாசல்லயே திருப்பி அனுப்புவாங்களா?”

கடைக்காரர் ஒரு கணம் யோசித்தார். பிறகு திரையைப் பார்த்துக் கரண்டியை நீட்டி, “போங்கம்மா” என்றார்.

திரையை விலக்கிக்கொண்டு நுழைந்தால் ஒரு முற்றம். கடைக்குப் பின்னால் அதுதான் அவர்கள் வீடு, அதுதான் சமையலறையும்கூட. கூப்பிட்டவர் கடைக்காரரின் மனைவி. எங்களைவிடப் பத்து வயது பெரியவர் இருப்பார். முகம் முழுக்கச் சிரிப்பு. “அக்கா” என்று கூப்பிட்டேன். “எங்க வூட்ல ஆபான்னு கூப்பிடுவாங்க, அப்டியே கூப்பிடுங்க” என்றார். அதன்பின் கடைசிவரை எங்களுக்கு அவர் ஆபாதான்.

முற்றத்தில் இரண்டாவது தேக்சா தம்மில் இருந்தது. மூடியின்மேல் தணல் கனன்றுகொண்டிருந்தது. ஆபா தணலைத் தள்ளிவிட்டு, துணியால் பிடித்து மூடியைத் திறந்தார். உள்ளேயிருந்து எழுந்த ஆவி என் மூக்குக்கண்ணாடியை மறைத்துவிட்டது. கண் தெரியாமலே அந்த வாசனையில் நின்றேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தால், சீரகச் சம்பா அரிசி, பொடிப்பொடியாக, ஒன்றோடு ஒன்று ஒட்டாமல்!

பாயில் உட்கார்ந்து சாப்பிட்டோம். இறைச்சி விரல் பட்டதும் எலும்பைவிட்டுக் கழன்றது. பக்கத்தில் எண்ணெய் மிதக்கும் புளிக் கத்திரிக்காய், வெங்காயம் போட்ட தயிர். முதல் வாயிலேயே தோழி என் தோளில் ஒரு அடி வைத்தாள். பேச வாய் இல்லாததால் அடித்தாளாம்! இரண்டாம் முறை, மூன்றாம் முறை என்று ஆபா வைத்துக்கொண்டே போனார். நாங்களும் வேண்டாம் என்று சொல்லவே இல்லை.

சாப்பிட்டு முடித்ததும் ஆபா எதிரில் வந்து உட்கார்ந்து, எந்தப் பள்ளிக்கூடம், எங்கே தங்கியிருக்கிறோம் என்று எல்லாம் விசாரித்தார். “வேலூர்ல இன்னாலாம் கெடைக்குது? சொல்லுங்க” என்றார். தோழி ஆரம்பித்தாள். அகழிக்கரை வடை, கைமா சமோசா, மணல் கடலை எல்லாவற்றையும் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். ஆபா கதை கேட்பதுபோல் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டார்.

“இந்த வூட்லருந்துதான் ஊருக்கே சோறு போவுது. ஆனா வெளியிலருந்து ஒரு பண்டம்கூட இங்க வந்ததில்ல. அவருக்குத் தோணாது, எனக்குக் கேக்க வெக்கம்.”

தோழி சட்டென்று பையிலிருந்த வடைப் பொட்டலத்தைப் பிரித்தாள். காலையில் வாங்கியது, விறைத்துப் போயிருந்தது. ஆபா ஒரு கடி கடித்தார். கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக மென்றார்.

“ஆறிப்போயே இப்டி இருக்கே! சூடா இருந்தா எப்டி இருக்கும்?”

“அதுக்கு நீங்கதான் வேலூர் வரணும்” என்று விளையாட்டாகச் சொன்னாள் தோழி. ஆபா சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியெல்லாம் ரயிலில் ஒரே சிரிப்பு. அந்தச் சிரிப்பு திங்கட்கிழமை காலையோடு நின்றது. ஆம்பூரில் யாரோ எங்களைப் பார்த்துவிட்டுச் செய்தி அனுப்பியிருந்தார்கள். தலைமையாசிரியை அம்மா எங்களைக் கூப்பிட்டார். இரண்டு ஆசிரியைகள் பிரியாணிக் கடையில் ஆண்களோடு உட்கார்ந்து சாப்பிட்டதாகப் புகார். வீட்டுக்குள்தான் சாப்பிட்டோம் என்று எவ்வளவோ சொன்னோம். யார் நம்புவார்கள்? பள்ளிக் கமிட்டி கூடும்போது முடிவு சொல்வதாகவும், அதுவரை வெளியே போகக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். என் அப்பா இறந்து, அம்மாவும் இரண்டு தம்பிகளும் என் சம்பளத்தை நம்பியிருந்த காலம் அது. இரவில் தூக்கம் பிடிக்கவில்லை. ஒரு வாய்ச் சோற்றுக்கு வேலை போய்விடுமோ என்று புரண்டுகொண்டே கிடந்தேன்.

மூன்று நான்கு வாரம் கழிந்திருக்கும். ஒரு சனிக்கிழமை மதியம், பள்ளிக்கூட வாசலில் திரை போட்ட ஜட்காக் குதிரை வண்டி ஒன்று வந்து நின்றது. காவல்காரர் ஓடிவந்து, யாரோ பாய் வந்திருக்கிறார், உங்களைக் கேட்கிறார் என்றார். எங்கள் கெட்ட நேரம், தலைமையாசிரியை அம்மா வராந்தாவிலேயே நின்றுகொண்டிருந்தார். போச்சு, இன்றோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

அதே வெள்ளைத் தொப்பி. கடைக்காரர் படியில் ஏறாமல் கீழேயே நின்று கும்பிட்டார்.

“நீங்கதான் ஆம்பூர்ல கடை வெச்சிருக்கறவரா? இவங்க ரெண்டு பேரும் உங்க கடையில உக்காந்து சாப்பிட்டாங்களா?” என்று தலைமையாசிரியை அம்மா நேரடியாகவே கேட்டார்.

அவருக்கு எங்கள் கஷ்டம் எதுவும் தெரியாது. சட்டென்று, “கடையிலயா? இல்லம்மா. கடையில எடம் இல்லன்னு நான்தான் சொல்லிட்டேன். என் சம்சாரம் கூப்ட்டு வூட்ல உக்கார வெச்சா. அவளோட ஒரே பாய்ல உக்காந்து சாப்ட்டாங்க. அவளும் வண்டியிலதான் இருக்கா, கேட்டுப் பாருங்க” என்றார்.

அம்மா படியிறங்கிப் போய், திரைக்குப் பக்கத்தில் நின்று ஏதோ பேசினார். உள்ளேயிருந்து ஆபாவின் குரல் கேட்டது. பிறகு, நம்பவே முடியவில்லை, அம்மாவின் சிரிப்புச் சத்தமும் கேட்டது! திரும்பி வந்தவர் எங்களைப் பார்த்து, “அந்தம்மா வடை சாப்பிட இவ்ளோ தூரம் வந்திருக்காங்களாம். கூட்டிட்டுப் போங்க. சாயங்காலம் விடுதி மணி அடிக்கறதுக்குள்ள வந்துடணும். கமிட்டிக்கு நான் சொல்லிக்கறேன்” என்றார். தோழி அங்கேயே துள்ளிக் குதித்தாள். நான் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

ஜட்காவுக்குள் மூன்று பெண்கள் இடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். முன்னால் வண்டிக்காரருக்குப் பக்கத்தில் கடைக்காரர். தோழி திரை இடுக்கில் மூக்கை வைத்துக்கொண்டு வழி சொன்னாள். “நேரா, நேரா! இப்ப சோத்தாங்கைப் பக்கம்!” குதிரைக்குப் புரிந்ததோ என்னவோ, நன்றாகவே ஓடியது.

முதலில் அகழிக்கரை. கடைக்காரர் குதித்து இறங்கி ஓடினார். மந்தார இலையில் வடை வந்தது, எண்ணெய் இன்னும் பொரிந்துகொண்டிருந்தது. ஆபா முகத்திரையைத் தூக்கிவிட்டு, ஒரு வடையை அப்படியே வாயில் போட்டுக்கொண்டார். நாக்கைச் சுட்டுவிட்டது! வாயைத் திறந்து கையால் விசிறிக்கொண்டே, கண்ணில் நீர் வழியச் சிரிக்கிறார். “இன்னா சூடு, இன்னா ருசி! யா அல்லா!” வெளியே அவர் கணவர், “இன்னா ஆச்சு, இன்னா ஆச்சு?” என்று பதறுகிறார். “இன்னும் நாலு வாங்குங்க” என்று பதில் போனது.

அப்புறம் சமோசா. அப்புறம் கடலை. அப்புறம் சர்பத். ஊருக்கே சோறு போடும் மனிதர், தொப்பி நழுவ, வேர்வை ஒழுக, கடைகடையாக ஓடி வாங்கிவந்து திரைக்குள் நீட்டிக்கொண்டிருந்தார். முதலில் கொஞ்சம் கூச்சப்பட்டவர், போகப்போக எங்களைவிட ஜோராகிவிட்டார். “அங்க இன்னா வாசனை வருது? நிறுத்துப்பா!” என்று அவரே வண்டியை நிறுத்த ஆரம்பித்தார்.

கடைசியாகக் காபி கிளப். உள்ளே விசிறி, பளிங்கு மேஜை, சிரிப்புச் சத்தம். ஆபா திரை இடுக்கில் வெகுநேரம் பார்த்தார். காபி வந்தது, ஆடும் வண்டிக்குள் தளும்பி என் புடவையில் பாதி கொட்டியது. ஆபா தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார்:

“ஏங்க, நம்ம கடை வாசல்ல வந்து நிக்கற பொம்பளைங்களும் உள்ள இப்டித்தானே பாத்துட்டுப் போவாங்க?”

 திரைக்கு அந்தப் பக்கம் அவர் நிழல் கிளப் வாசலை நோக்கித் திரும்பியது. மணி அடிப்பதற்குள் எங்களைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுப் போனார்கள்.

கோடை விடுமுறை முடிந்து திரும்பியபின், இந்த முறை தலைமையாசிரியை அம்மாவிடம் முறைப்படி அனுமதி கேட்டுக்கொண்டு, மறுபடியும் ஆம்பூர் போனோம். அந்தச் சாக்குத்திரையைக் காணோம். சந்துப் பக்கச் சுவரை இடித்து ஒரு புதுக் கதவு வைத்திருந்தார்கள். கதவுக்குப் பின்னால் ஓர் அறை. மூங்கில் தட்டி மறைப்பு, இரண்டு பெஞ்சு, ஒரு தண்ணீர்ப் பானை. கதவுப் பலகையில் சுண்ணாம்பால் எழுதியிருந்தது: பெண்கள்.

உள்ளே எங்களுக்கு இடம் இல்லை! ஆவாரம்பட்டை இடிக்கும் பெண்கள் பெஞ்சு நிறைய உட்கார்ந்திருந்தார்கள். தலைமயிரிலும் கையிலும் பட்டைத்தூள் படிந்திருந்தது. ஒருத்தி சொன்னதற்கு மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்கள் இலைகளில் ஆவி பறந்துகொண்டிருந்தது. நடுவில் ஆபா, கரண்டியும் கையுமாக, சத்தமாக அவர்களிடம் ஏதோ வம்பளந்துகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும், “கொஞ்சம் நில்லுங்க, இவங்க எழுந்ததும் உங்களுக்கு!” என்று அதட்டினார்.

நின்றோம். நல்ல பசி. ஆனால் அன்று அப்படிக் காத்துக்கொண்டு நின்றதுபோல ஒரு சந்தோஷம் அதற்குப் பிறகு எனக்கு எந்தச் சாப்பாட்டிலும் கிடைத்ததில்லை. எத்தனையோ வருஷம் ஓடிவிட்டது. இன்றும் புது ஊரில் ஒரு சாப்பாட்டுக் கடையைக் கண்டால், அடுப்பில் என்ன வேகிறது என்று பார்ப்பதற்கு முன்னால், உள்ளே யார் யார் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்றுதான் என் கண் முதலில் தேடுகிறது.