மாமா எடுத்த மரவெட்டு வீடியோ

எங்கள் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ஒரு கல்யாணத்தை வீடியோ எடுத்தாரென்றால் பொண்ணும் மாப்பிள்ளையும் ரோஜாப்பூவுக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பார்கள். தாலி கட்டும்போது பின்னால் சூரியன் உதிக்கும். ஒருமுறை சாப்பாட்டுப் பந்தியைக்கூட மெதுவாக ஓடவிட்டு, ஒரு பெரியவர் அப்பளம் நொறுக்குவதை மூன்று தடவை காட்டினார். "உள்ளத உள்ளபடி காட்டுறதுக்கு நான் எதுக்கு? கண்ணாடியப் பாத்துக்கிற வேண்டியதுதான?" என்பார். சமயநல்லூர்ப் பக்கம் அவருக்கு இருந்த கிராக்கி கொஞ்சநஞ்சமல்ல. முகூர்த்தம் குறிப்பதற்கு முன்னாலேயே மாமாவிடம் தேதி கேட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு. நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. உலகத்தில் கலைஞர் என்று ஒருவர் இருந்தால் அது எங்கள் மாமாதான் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்பா மரம் வெட்டுகிறவர். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில், கரண்டுக் கம்பிக்குப் பக்கத்தில், எந்தப் பக்கம் சாய்த்தாலும் எதன்மேலாவது விழுகிற மரமாகப் பார்த்து அவரைக் கூப்பிடுவார்கள். அவர் மரத்தைச் சாய்க்கவே மாட்டார். உச்சிக்கு ஏறி ஒவ்வொரு கொப்பாகக் கயிற்றில் கட்டி, ரம்பத்தால் அறுத்து, மெல்லக் கீழே இறக்குவார். கயிற்றின் மறுபக்கம் அடிமரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி அம்மாவின் கையில் இருக்கும்.

முன்பு கயிறு பிடித்த ஆள் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். "நாளைக்கு ஒரு நாள் மட்டும் நீ வா புள்ள" என்று அப்பா அம்மாவைக் கூப்பிட்டார். அந்த ஒரு நாள் மூன்று வருஷமாகியும் முடியவில்லை. சேலைக்கு மேல் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் ஒரு துண்டு, இதுதான் அம்மாவின் வேலைக் கோலம். எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. என் கூட்டாளிகள் வரும் வழியில் அவர்களுக்கு வேலை என்றால் நான் கண்மாய்க் கரையைச் சுற்றிப் பள்ளிக்கூடம் போவேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அப்போது வெட்கம் வேறு பக்கம் இருந்தது.

அந்த வருஷம் ஐப்பசி மழையில் எங்கள் பள்ளிக்கூடத்துத் தூங்குமூஞ்சி மரத்தில் பெரிய கொப்பு ஒன்று விரிசல் விட்டு, மூன்றாம் வகுப்பு ஓட்டுக் கூரைக்கு மேலே தொங்கியது. பிள்ளைகளை சைக்கிள் கொட்டகைக்கு மாற்றிவிட்டார்கள். ஒரு காண்ட்ராக்டர் வந்து பார்த்துவிட்டு, கூரையைப் பிரித்துப் போட்டுவிட்டு மரத்தை ஒரேயடியாகச் சாய்க்கலாம் என்றார். அப்பாவும் போய்ப் பார்த்தார். "ஒரு ஓடு உடையாம இறக்கித் தாரேன் டீச்சர்" என்றார்.

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சொல்றீங்க சரி. நான் எதை வச்சு நம்புறது? பிள்ளைங்க உட்காருற இடமாச்சே?"

அப்பாவுக்கு வாய்ப்பேச்சு வராது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாரத்துக்கு இரண்டு நாள் வேலை என்று ஓடிக்கொண்டிருந்த வீடு எங்களுடையது. இந்தப் பள்ளிக்கூட மரத்தைப் பிடித்துவிட்டால் அப்புறம் ஆஸ்பத்திரி, ஆபீசு என்று பெரிய இடத்துக்காரர்கள் கூப்பிடுவார்கள். கைநழுவிப் போனால் பழையபடி வீட்டு வேப்பமரங்கள்தான். இதெல்லாம் எனக்கே தெரிந்திருந்தது என்றால் வீட்டில் அதை எத்தனை தடவை பேசியிருப்பார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மாமாதான் வழி சொன்னார். "கவலைய விடுங்க மச்சான். நீங்க வேலை பாக்குறத நான் வீடியோ எடுக்கிறேன். டீச்சர் ஒரு தடவ பாத்தாப் போதும், வீடு தேடி வந்து கூப்பிடுவாக."

திருநகரில் ஒரு வீட்டு வேப்பமரத்தில் அந்த வாரம் வேலை இருந்தது. மாமா கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். "மச்சான், கேமராவப் பாத்துக்கிட்டே அருவாள ஓங்கி ஒரு போடு போடுங்க!"

"கேமராவப் பாத்தேன்னா நேரா உன் கேமரா மேலதான் வந்து விழுவேன் மாப்ள" என்று மேலிருந்து பதில் வந்தது.

அப்பா வேலை செய்வதைப் பார்ப்பதுபோல் அலுப்பான காரியம் வேறு கிடையாது. ஒரு முடிச்சுப் போடுவார். இழுத்துப் பார்ப்பார். அவிழ்ப்பார். அரையடி தள்ளி மறுபடி போடுவார். கீழே பார்ப்பார், கம்பியைப் பார்ப்பார், யோசிப்பார். மாமா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, கல்யாண வீட்டில் ஐயர் நீளமாக மந்திரம் சொல்லும்போது என்ன செய்வாரோ அதைச் செய்தார். கேமராவை வாசல் கேட்டுக்கு வெளியே ஸ்டாண்டில் நிறுத்தி, ஓடவிட்டு, டீ குடிக்கப் போய்விட்டார். வந்து பார்த்தபோதும் அப்பா முடிச்சுதான் போட்டுக்கொண்டிருந்ததால் கேமராவை ஓடவிட்டபடியே விட்டுவிட்டார். "அடக் கடவுளே, இதப் படமா எடுத்தா பாக்குறவன் தூங்கிருவான்" என்று என்னிடம் தலையில் அடித்துக்கொண்டார்.

மரம் இறங்கி முடிந்ததும் குடும்ப ஷாட். அது இல்லாமல் மாமாவின் வீடியோ எதுவும் இருந்ததில்லை. மாமா சொல்லி, அம்மா பையில் கல்யாணப் பட்டுச்சேலையைக் கொண்டுவந்திருந்தாள். அந்த வீட்டம்மாவிடம் கேட்டு உள்ளே போய் மாற்றிக்கொண்டு வந்து, வரிசையாக வைத்திருந்த குரோட்டன்ஸ் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"அக்கா, மெதுவாத் திரும்பு. சிரி. அப்படியே செடிய மோந்து பாரு."

"குரோட்டன்ஸுல என்னடா வாசம் வரும்?"

"வாற மாதிரி மோந்து பாரேன்க்கா!"

அம்மா மோந்து பார்த்தாள். அவ்வளவு அழகாக இருந்தாள். நான் மாமாவின் காதுக்குள் போய், "மாமா, அம்மா சட்டை போட்டுக் கயிறு பிடிக்கிறதப் போட்டுறாதீங்க" என்றேன்.

"அத நான் போடுவனா தங்கம்? எங்கக்காவ அந்தக் கோலத்துல ஊருக்குக் காட்டவா நான் கேமரா வாங்குனேன்?" என்றார். அவர் கண் கலங்கியதுபோல் இருந்தது. கலங்கியதா, அதுவும் நடிப்பா என்று மாமா விஷயத்தில் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அக்காமேல் அவருக்கிருந்த பாசம் நடிப்பில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கேசட் போட்டுப் பார்க்கிற வாடகை டெக்கைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் தலைமையாசிரியை வீட்டுக்குப் போனோம். அம்மா அதே பட்டுச்சேலை. நான் எண்ணெய் தடவி ரெட்டை ஜடை. அப்பா நாற்காலியின் நுனியில், விழப்போகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

படம் ஓடியது. முதலில் கிழக்கே சூரியன். அதிலிருந்து அப்பாவின் முகம் சுழன்று சுழன்று வந்தது. அடுத்து ரம்பம், நட்சத்திர வடிவத்துக்குள். பின்னணியில் நாதஸ்வரம், நடுநடுவே இடி. அப்பா ஒரே கொப்பில் ஏழு தடவை ஏறினார். பிறகு இதய வடிவத்துக்குள் அம்மா குரோட்டன்ஸ் செடியை மோந்து பார்த்தாள். அப்பா ரம்பத்தை வைத்து இழுத்தார், இழுத்தார், கொப்பு முறியப்போகும் நேரத்தில் டிவி முழுக்க அருவி கொட்டியது. எனக்குப் புல்லரித்துவிட்டது. கடைசியில் கூப்பிய இரண்டு கைகளும், 'நன்றி, மீண்டும் வருக' என்ற எழுத்தும்.

தலைமையாசிரியை கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "அந்த அருவி எந்த ஊரு?" என்று கேட்டார்.

"குத்தாலம் டீச்சர்" என்றார் மாமா பெருமையாக.

"குத்தாலத்திலயும் மரம் வெட்டுனீங்களா?"

"இல்லைங்க டீச்சர். இவரு மரத்த விழுகவே விடமாட்டேங்கிறாரு. விழுந்தாத்தான படத்துக்கு ஒரு வேகம்? அதான் அந்த உணர்ச்சிக்கு அருவியப் போட்டேன். ஒரு கற்பனைதான்."

"கற்பனை நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா எனக்குத் தெரிய வேண்டியது கொப்பு எப்படிக் கீழ வந்துச்சுன்னு. அத மட்டும் காணோமே?" என்றவர் அப்பா பக்கம் திரும்பினார். "கீழ நின்னு கயிறு பிடிச்சது யாரு? அவரும் இந்த வேலைக்கு வருவாரா?"

அப்பா நெற்றியைத் துடைத்தார். "இவதாங்கம்மா" என்று அம்மாவைக் காட்டினார்.

தலைமையாசிரியை அம்மாவைப் பார்த்தார், ஓடி முடித்திருந்த டிவியைப் பார்த்தார். "இவங்களா? இவங்க செடியில்ல மோந்துக்கிட்டு இருந்தாங்க?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயில் சேலையை வைத்து அடைத்துக்கொண்டாள். அப்பா சிரிக்கவில்லை. வேலை போய்விட்டது என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. நான் யாருக்குத் தெரியக்கூடாது என்று நினைத்தேனோ அவர்களுக்கே தெரிந்துவிட்டது.

"மாப்ள, வெட்டி ஒட்டாத கேசட்டு வச்சிருக்கியா?" என்று அப்பா கேட்டார்.

இருந்தது. அங்கிருந்து நேராக ஒரு மஞ்சள் நீராட்டு விழாவுக்குப் போகவேண்டியிருந்ததால், அதே கேசட்டில் எடுத்துக்கொள்ளலாமென்று பையில் வைத்திருந்தார். "அதுல ஒண்ணுமே இல்ல மச்சான், நான் டீ குடிக்கப் போன நேரத்துல சும்மா ஓடுனது" என்று முணுமுணுத்துக்கொண்டே போட்டார்.

நாதஸ்வரம் இல்லை, இடி இல்லை. காக்காய் கத்தியது, எங்கோ சைக்கிள் மணி அடித்தது. கேட்டுக்கு வெளியிலிருந்து எடுத்ததால் மேலே அப்பாவும் கீழே அம்மாவும் ஒன்றாகத் தெரிந்தார்கள். அப்பா முடிச்சுப் போட்டார், அவிழ்த்தார், போட்டார். நான் கூச்சத்தில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "பிடி" என்று டிவிக்குள்ளிருந்து அப்பாவின் குரல் கேட்டது. ஆள் கனத்துக்கு மேல் இருக்கும் ஒரு கொப்பு மரத்தை விட்டுப் பிரிந்து, ஒரு சாண் இறங்கி, அந்தரத்தில் நின்றது. கீழே அம்மா குதிகாலை வேரில் ஊன்றி, முதுகு தரையைத் தொடும் அளவுக்கு மல்லாந்து போயிருந்தாள். "விடு" என்றது குரல். அவள் கைக்குள் கயிறு ஓடியது. கொப்பு கம்பியைத் தாண்டி, சுவரைத் தாண்டி, தூங்குகிற பிள்ளையைப் படுக்கப் போடுவதுபோல் தரையில் இறங்கியது. அம்மா எழுந்து இரண்டு உள்ளங்கையையும் வாயருகே வைத்து ஊதினாள், சேலையில் அழுத்திக்கொண்டு கொஞ்ச நேரம் குனிந்து நின்றாள். பிறகு தலையைத் தூக்கி, "ம்ம், அடுத்ததக் கட்டுங்க!" என்று மேலே பார்த்து உற்சாகமாகக் கத்தினாள். இப்படியே ஒன்பது கொப்பு.

தலைமையாசிரியை அசையாமல் பார்த்தார். பாதியில் காபி வந்தது, யாரும் எடுக்கவில்லை. அப்பா டிவிக்குப் பக்கத்தில் போய்த் தரையிலேயே உட்கார்ந்துகொண்டார். மரத்தின் உச்சியில் அவருக்கு முன்னால் எப்போதும் கொப்பும் கம்பியும்தான். இலையடர்ந்த மரத்துக்கு அடியில் நடப்பதை அவர் பார்த்ததே இல்லை.

படம் நின்றதும் தலைமையாசிரியை அம்மாவைப் பார்த்துத்தான் பேசினார். "அடுத்த ஞாயித்துக்கிழமை வச்சுக்கலாமா? பிள்ளைங்க யாரும் இருக்க மாட்டாங்க. நீங்க வருவீங்கல்ல?"

"வாரேன் டீச்சர்" என்றாள் அம்மா.

மாமா டெக்கைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். "ரசனை கெட்ட ஜனங்க மச்சான். அம்புட்டு உழைச்சுப் போட்டதப் பாக்காம, குப்பையப் பாத்து வேலை தாராக" என்றார். ஆனாலும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அன்றைக்கு மத்தியானமே அந்தக் கேசட்டின் மேல் மஞ்சள் நீராட்டைப் பதிந்துவிட்டார். இன்றைக்கு எங்கள் வீட்டில் மிச்சமிருப்பது குற்றாலம் கொட்டுகிற படம்தான். அதையும் பழுதில்லாமல் வைத்திருக்கிறேன், அதில் அம்மா பட்டில் இருக்கிறாள்.

நாங்கள் மூவரும் பஸ் ஏறினோம். வேலை கிடைத்துவிட்டதே, அப்பா குதிக்கப்போகிறார் என்று நினைத்தேன். வழக்கமாக ஆம்பளைகளோடு முன்னால் போய் நிற்பவர் அன்றைக்கு அம்மாவின் பக்கத்திலேயே உட்கார்ந்தார். நான் ஜன்னலோரம். கொஞ்ச தூரம் போனதும் அம்மாவின் கையை எடுத்து, தன் மடியில் மல்லாத்தி வைத்து, கயிறு ஓடிக் காய்த்திருந்த உள்ளங்கையைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"சும்மா இருங்க. பஸ்ஸுல ஆளுக பாக்குறாக" என்றாள் அம்மா. கையை இழுக்கவில்லை.

"ஏன் புள்ள எங்கிட்டச் சொல்லல?"

"என்னத்தச் சொல்ல?"

அப்பா இன்னொரு கையையும் எடுத்துப் பார்த்தார். எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. அம்மா கையில் முள் ஏறியிருக்கிறது, அப்பாவுக்கு அது கண்ணுக்குத் தட்டுப்படவில்லை. என் பாவாடையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, "இந்தாங்கப்பா, இதால எடுங்க" என்று நீட்டினேன்.